வானொலியில் வராத மூன்று அடிகள்

அக்கா,

இன்று விடிந்ததிலிருந்து இங்கே மழை. ரப்பர் மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது என்பதால் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் உள்ளேதான். பதினொரு மணிவாக்கில், என் தகரக் கூரைமேல் கொட்டிக்கொண்டிருந்த மழை சட்டென்று விட்டது. தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் கலக்கிக்கொண்டிருந்த நான், கரண்டி கோப்பையில் படாதபடி கையை அப்படியே நிறுத்தி, மூச்சையும் அடக்கிக்கொண்டேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. யாருக்காக இப்படி நிற்கிறேன் என்று பிறகுதான் உறைத்தது.

மழை விட்டால் நீங்கள் வலது கையைத் தூக்குவீர்கள். "யாரும் அசையாதீங்க. கூரை சொட்டி முடியட்டும்" என்பீர்கள். வெயில் நாளில் பாட்டுப் பதிய வந்தால் சனம் மலையில் வேலைக்குப் போயிருக்கும், பாட ஆள் கிடைக்காது. மழை நாளில் வந்தால் ஆள் கிடைக்கும், ஆனால் தகரத்துச் சத்தத்தில் ஒரு வரிகூடப் பதியாது. ஆகவே மழை நாளில் வந்து, மழை விடும்வரை காத்திருப்பதுதான் நம் வேலையாக இருந்தது. எத்தனை வீடுகளில் அப்படி உட்கார்ந்திருந்தோம்!

நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. எனக்குச் செய்தி வந்தது தகனம் முடிந்து இரண்டு நாள் கழித்து. உங்களோடு வேலை செய்த ஒருவர் வேறு எதற்கோ போன் எடுத்தவர், பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எப்போ என்று நான் கேட்கவும், "ஐயோ டீச்சர், உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றார். அவர்மேல் குறையில்லை. உங்கள் வீட்டாருக்கு என்னைத் தெரியாது. கொழும்பில் உங்களுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. இங்கே, எஹலியகொடைக்கு மேலே இந்தத் தோட்டத்தில், எனக்கு இருந்தது நீங்கள் மட்டும்தான்.

நான் உங்களுக்கு எழுதிய முதல் கடிதமே குறை சொல்லித்தான். வானொலியில் உங்கள் "எங்க வீட்டுப் பாட்டு" அப்போதுதான் தொடங்கியிருந்தது. மகளிர் நிகழ்ச்சியின் கடைசியில் பத்து நிமிஷம். ஒரு தாலாட்டைப் போட்டுவிட்டு, அதில் வந்த "ஒட்டுப்பால்" என்ற சொல்லுக்கு, பிள்ளைக்குப் பசும்பாலோடு தாய்ப்பாலைச் சேர்த்துக் கொடுப்பது என்று விளக்கம் சொன்னீர்கள். இங்கே லயமே சிரித்தது. நான் உடனே ஒரு போஸ்ட்கார்ட் எழுதினேன். "ஒட்டுப்பாலை எந்தப் பிள்ளையும் குடிக்காது. அது ரப்பர் மரத்து வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பால். அதை உரித்துக் கூடையில் போட்டுக்கொண்டு வருவோம். நிகழ்ச்சி செய்கிறவர்கள் ரப்பர் தோட்டத்தையும் வந்து பார்க்கலாம்."

அடுத்த வாரம் அதை ஒரு சொல் விடாமல் ஒலிபரப்பில் வாசித்தீர்கள். "நான் தேயிலையில பொறந்தவ. ரப்பர் தெரியாது. தெரிஞ்சுக்க வர்றேன்" என்றீர்கள். வந்தும் விட்டீர்கள். தோளில் அந்தக் கனத்த ஒலிப்பதிவுப் பெட்டி, சேற்றில் ஊறிய செருப்பு. பள்ளிக்கூட வாசலில் நின்று, "இங்க கோவக்கார டீச்சர் ஒருத்தங்க இருக்காங்களாமே" என்று கேட்டீர்கள். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. நீங்கள் ஏழு வயது மூத்தவர்.

அன்றிலிருந்து மாதம் ஒருமுறையாவது வந்தீர்கள். என் குவார்ட்டர்ஸில்தான் தங்குவீர்கள். நான் கட்டிலில், நீங்கள் பாயில். கட்டிலைத் தந்தாலும் வாங்க மாட்டீர்கள். நான் ஜெபம் சொல்லும்போது நீங்கள் திருநீற்றை நெற்றியில் வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருப்பீர்கள். முடிந்ததும், "எனக்கும் சேர்த்துச் சொன்னியா ரோஸ்?" என்பீர்கள். ரோஸ்மேரி என்ற என் பெயரை அப்படிச் சுருக்கிக் கூப்பிட்டவர் நீங்கள் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் நான் டீச்சர். என் தம்பிக்கு அக்கா.

பத்து நிமிஷம் அரை மணி ஆனது. ஞாயிறு மாலை நான்கு மணி. காமன் கூத்துப் பாட்டு, கும்மி, பால் வெட்டப் போகும்போது பாடுவது, தவசு காலத்தில் எங்கள் சின்னக் கோயிலில் பெண்கள் பாடும் இயேசுவின் பாடுகளின் புலம்பல் என்று ஒவ்வொன்றாகப் பதிந்தோம். ஊர் ஊராக ஆளைத் தேடி வைப்பது என் வேலை. பதிவது உங்கள் வேலை. பதிந்த ஒவ்வொரு பாட்டையும் நான் கொப்பியில் எழுதிக்கொள்வேன், நீங்கள் கொழும்பில் விளக்கம் சொல்லும்போது மறுபடி ஒட்டுப்பால் வந்துவிடக் கூடாதே என்று.

ஒப்பாரியை முதன்முதலாகப் போட்ட வாரம் உங்கள் மேலதிகாரி ஒருவர் கூப்பிட்டுக் கேட்டாராம். "ஞாயித்துக்கிழமை சாயந்தரம் எழவுச் சத்தமா? இது சங்கீதமா?" அதற்கு நீங்கள், "சங்கீதம் இல்லைன்னா நிகழ்ச்சிக்குப் பேர மாத்திர்றேன் சார். பாட்ட மாத்த முடியாது" என்றீர்களாம். இதை என்னிடம் சொல்லும்போது சிரித்தீர்கள். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் ஒரே கோப்பைக்கு இரண்டு முறை சீனி போட்டுவிட்டீர்கள். பயம் தெரியாதவர் என்று உங்களை எல்லோரும் நினைத்தார்கள். பயந்துகொண்டே செய்தவர் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுவது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

செல்லம்மாக்காவைப் பற்றி நாம் கடைசிவரை பேசவேயில்லை.

பள்ளத்து லயத்துச் செல்லம்மாக்கா. பால் வெட்டுகிறவர். புருஷன் இல்லை. ஒரு மகன் ராசு, ஒரு மகள் லெட்சுமி. லெட்சுமி என் வகுப்பில் படித்தாள். ராசு தோட்டத்து வேலைக்குப் பேர் பதியாமல், பாலத்தடி முதலாளியின் மாணிக்கக் குழியில் இறங்கப் போனான். ஒருநாள் ஆற்றுப் பக்கத்து மண் இடிந்து குழிக்குள் தண்ணீர் வந்தது. மறுநாள் காலையில்தான் ராசுவை எடுத்தார்கள். சாவை விசாரித்து எழுதிய கடதாசியில், ஆற்றில் குளிக்கப் போய் மூழ்கியதாக இருந்தது. குழியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ராசு செத்து ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு மழை நாளில் கும்மிப் பாட்டுப் பதிய நாம் பள்ளத்து லயத்துக்குப் போனோம். கும்மி முடிந்து எல்லோரும் கலைந்தபின், நீங்கள் பெட்டியை மூடப் போகும்போது செல்லம்மாக்கா வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"என் பாட்டையும் புடிங்கம்மா."

"என்ன பாட்டும்மா?"

"எம்மவன் பாட்டு. நானே கட்டினது. மரத்துக்கு மரம் போறப்ப கட்டினேன்."

அழாமல் பாடினார். அதுதான் நம் இருவரையும் உலுக்கியது. ஒப்பாரி பாடுகிறவர்கள் பாதியில் உடைந்துபோவார்கள். இவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, சாட்சி சொல்கிறவர் மாதிரி ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைத்தார். பிறந்தது, நடந்தது, படித்தது, சட்டை தைத்துக் கொடுத்தது எல்லாம் வந்தது. பிறகு இது வந்தது.

பாலத்தடி மொதலாளி பள்ளம் வெட்டச் சொன்னாரே
பள்ளத்துல தண்ணி ஏற பாத்துக்கிட்டு நின்னாரே
எஞ்சினத்தான் மேல தூக்கி எம்மவன விட்டாரே

உங்கள் கண்ணில் தண்ணீர் நின்றது. என் முதுகில் வியர்த்தது.

ஏனென்றால் அது உண்மை என்று எனக்குத் தெரியும், அக்கா. என் தம்பி அந்த முதலாளியிடம்தான் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். அன்று அவன் குழியடியில் நின்றிருக்கிறான். வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவன், "மொதல்ல தண்ணி எறைக்கிற எஞ்சின எடுக்கச் சொன்னாருக்கா. கயித்த அதுக்குப் போட்டாங்க" என்று மட்டும் சொன்னான். வேறு யாரிடமும் சொல்லாதே என்று நான்தான் அவன் வாயை அடைத்தேன். ஆனால் குழியில் நின்றவர்களில் யாரோ செல்லம்மாக்காவிடம் சொல்லிவிட்டார்கள். பாட்டு வானொலியில் வந்தால், சொன்னது ஜீப் டிரைவர்தான் என்று முதலாளி நினைப்பார். எனக்கு அந்த ஒரு நினைப்புத்தான்.

அன்று குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் கேட்டேன். "அந்த மூணு அடிய வெட்டிருங்கக்கா."

"என்ன பேசுற ரோஸ்? அந்தம்மா அதச் சொல்றதுக்குத்தான் பாடிச்சு."

"மொதலாளி ஆளுங்களுக்கெல்லாம் தமிழ் தெரியும். செல்லம்மாக்காவும் அந்தப் புள்ளையும் தனியா இருக்காங்க. நீங்க நாளைக்குக் கொழும்புக்குப் போயிருவீங்க. நாங்கதான் இங்க இருக்கணும்."

உங்கள் முகம் வாடியது. அந்த வார்த்தைக்கு உங்களிடம் பதில் இருக்காது என்று தெரிந்தே சொன்னேன். சொன்னதில் பொய்யும் இல்லை. என் தம்பியின் பெயரை மட்டும் விட்டுவிட்டேன்.

"அந்தம்மாகிட்டக் கேக்காம நான் வெட்ட மாட்டேன்" என்றீர்கள். "நீ கேட்டுச் சொல்லு. அவங்க சரின்னா வெட்டுறேன்."

மறுநாள் காலை நீங்கள் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் நான் பள்ளத்து லயம்வரை போனேன். அது உண்மை. செல்லம்மாக்காவின் வீட்டு வாசலில் அவருடைய பால் வாளி கவிழ்த்து வைத்திருந்தது. உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. கதவைத் தட்டாமல் திரும்பி வந்துவிட்டேன். பஸ் வரும் நேரம். நிறுத்தத்தில் நீங்கள் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள்.

"கேட்டேன். சரின்னுச்சு" என்றேன்.

நீங்கள் நம்பினீர்கள். என் சொல்லை நீங்கள் சந்தேகப்பட்டதே இல்லையே.

அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளத்து லயமே செல்லம்மாக்கா வீட்டில் கூடிவிட்டது. நான் போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று போனேன். உங்கள் குரல் வந்தது. "இது ஒரு தாயின் பாட்டு. விளக்கம் தேவையில்லை." செல்லம்மாக்கா தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு, உதட்டை அசைத்தபடி இருந்தார். சட்டை தைத்த அடி முடிந்தது. அடுத்த அடியைச் சொல்ல அவர் உதடு திறந்தது. வானொலியில் அந்த மூன்றையும் தாண்டிய அடி வந்தது. ஒட்டே தெரியாமல் அவ்வளவு சுத்தமாக வெட்டியிருந்தீர்கள்.

"எங்க?" என்றார். யாருக்கும் புரியவில்லை. "அது எங்க?" என்று மறுபடி கேட்டார். பாட்டு முடியுமுன் எழுந்துபோய் வானொலியை நிறுத்தினார்.

"ரேடியோக்காரம்மா எம்மவன ரெண்டாந்தரமும் பொதைச்சிருச்சு" என்றார்.

நான் அங்கேதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அடுத்த மாதம் நீங்கள் வந்தபோது, எதுவும் தெரியாமல், செல்லம்மாக்காவுக்கு ஒரு சேலையும் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அவர் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார். பத்துப் பேர் தண்ணீருக்கு நின்றார்கள். லெட்சுமியும் நின்றாள்.

"எந்த மொகத்தோட வந்தீங்க? மொதலாளி எவ்வளவுக்கு ஒங்கள வாங்கினாரு? எம்மவனுக்கு இருந்ததே அந்த மூணு அடிதானே. அதையும் அறுத்துப்புட்டீங்களே. யாரக் கேட்டு அறுத்தீங்க?"

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். ஒரு பார்வைதான். நான் கீழே பார்த்தேன். அதிலேயே உங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த இடத்தில், "இவதான் கேட்டுட்டேன்னு சொன்னா" என்று நீங்கள் ஒரு விரலைக் காட்டியிருந்தால் போதும். நான் இந்தத் தோட்டத்தில் அதற்குப் பிறகு பாடம் நடத்தியிருக்க முடியாது.

நீங்கள் செல்லம்மாக்காவின் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினீர்கள். "நான்தாம்மா வெட்டினேன். மன்னிச்சிருங்க" என்றீர்கள்.

சேலையை அவர் வாங்கவில்லை. பஸ் நிறுத்தம்வரை நடந்தோம். பஸ் தூரத்தில் தெரிந்தபோது, "தம்பி அந்த ஜீப்தானே ஓட்டுது?" என்று கேட்டீர்கள். தலையாட்டினேன். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டீர்கள்.

நீங்கள் என்னை விட்டுவிடவில்லை. அடுத்த மாதமும் வந்தீர்கள். நிகழ்ச்சி இன்னும் ஒன்பது வருஷம் நடந்தது. இருவரும் சேர்ந்துதான் செய்தோம். ஆனால் என் குவார்ட்டர்ஸில் அதற்குப் பிறகு ஒருநாள்கூட நீங்கள் தங்கவில்லை. இரத்தினபுரியில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கி, காலை பஸ்ஸில் வந்து, மாலை பஸ்ஸில் போவீர்கள். "அங்க இருந்தா வேலைக்கு வசதி" என்றீர்கள். என்னை "டீச்சர்" என்று கூப்பிடத் தொடங்கினீர்கள். எல்லோரையும் போல. அதில் கோபமில்லை, மரியாதை இருந்தது. அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பாயை நான் ரொம்ப நாள் சுருட்டாமல் சுவரோரமாகவே போட்டு வைத்திருந்தேன்.

பிறகு அரை மணி மறுபடி கால் மணி ஆனது. ஞாயிறு மாலை போய், எல்லோரும் மலையில் இருக்கும் செவ்வாய்க்கிழமை காலைக்கு மாற்றினார்கள். கடிதங்கள் குறைந்தன. கடிதம் குறைந்ததையே காரணமாக வைத்து நிறுத்தினார்கள். கடைசி நிகழ்ச்சியில் நீங்கள் பாடியவர்களின் பெயர்களை மட்டும் வாசித்தீர்கள். தோட்டம் தோட்டமாக, ஆள் ஆளாக. செல்லம்மாக்காவின் பெயரும் வந்தது. செல்லம்மாக்கா கேட்டிருக்க மாட்டார். என் பெயரையும் வாசித்தீர்கள். "ஒட்டுப்பாலுக்கு அர்த்தம் சொன்ன டீச்சர்" என்றீர்கள்.

நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு வருஷத்துக்கு இரண்டு போன். கிறிஸ்மஸுக்கு நீங்கள் எடுப்பீர்கள், தீபாவளிக்கு நான். ஒருமுறை மட்டும் தைரியம் வந்து கேட்டேன். "வெட்டின அந்தத் துண்ட வச்சிருக்கீங்களாக்கா?" "இல்ல டீச்சர். வெட்டினதெல்லாம் தரையில கெடக்கும். காலையில கூட்டி அள்ளிருவாங்க" என்றீர்கள். அத்தோடு மழையைப் பற்றிப் பேசினோம். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு போனிலும் சொல்லியிருக்கலாம். தெரிந்ததைத் திரும்பச் சொல்லி என்ன என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன சனிக்கிழமை கரவனெல்லைக்குப் போனேன், அக்கா. லெட்சுமி அங்கேதான் வாக்கப்பட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சின்னச் சாப்பாட்டுக் கடை. அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. "டீச்சர்!" என்று ஓடிவந்து கையைப் பிடித்தாள். சிங்களத்தில் யாரிடமோ கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பின்னால் உட்கார வைத்துத் தேத்தண்ணி தந்தாள். குடிப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தம்பியைப் பற்றி, கவிழ்த்து வைத்த வாளியைப் பற்றி, நான் தட்டாத கதவைப் பற்றி.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"அம்மா சாகுற வரைக்கும் வீட்டுல ரேடியோ போடவிடல டீச்சர்."

"தெரியும்மா."

"ஒங்க வகுப்புலதானே நான் இருந்தேன். தெனமும் ஒங்க மொகத்ததானே பாத்தேன்."

நான் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"பீலியடியில நான் பக்கத்துல நின்னேன். அம்மா என்னென்ன பேசிச்சு! அந்த ரேடியோக்காரம்மா ஒரு வார்த்த திருப்பிப் பேசலையே. ஏன் டீச்சர்?"

"எனக்காக."

முன்னால் யாரோ சோற்றுப் பார்சல் கேட்டார்கள். எழுந்துபோய்க் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள். நான் போய்விட்டிருப்பேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது. வாசலிலேயே நின்று கேட்டாள்.

"அந்த மூணு அடி ஒங்களுக்குத் தெரியுமா? பதிஞ்சப்ப நான் கடைக்குப் போயிருந்தேன். அம்மா அதுக்கப்புறம் பாடவே இல்ல."

சொன்னேன். பாட எனக்கு வராது, வசனமாகத்தான் சொன்னேன். போனை எடுத்து என் முன்னால் பிடித்து, "இன்னொரு தடவ சொல்லுங்க. மெதுவா" என்றாள். மறுபடி சொன்னேன். மூன்றாவது அடியில் குரல் உடைந்தது. "அழாம சொல்லுங்க டீச்சர்" என்றாள். கடுமையாகத்தான் சொன்னாள். அவள் அம்மா அழாமல் பாடியவர் அல்லவா. மூன்றாவது முறை அழாமல் சொல்லி முடித்தேன். அவள் போனைக் காதில் வைத்துக் கேட்டாள். கேட்டுவிட்டு, "எங்கண்ணன் குளிக்கப் போகல" என்றாள். என்னிடம் இல்லை, தனக்குத்தான்.

மன்னிப்பைப் பற்றி இருவரும் பேசவில்லை. பஸ் நிறுத்தம்வரை அவள் வரவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது இன்னும் போன் அவள் காதில்தான் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உங்களிடம் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்றே இருந்தது. அவிசாவளையில் பஸ் மாறும்போது கை தானாகப் போனைத் தேடியது. உங்கள் நம்பரை எடுத்து, அழுத்தாமல் வைத்துக்கொண்டு நின்றேன்.

பாடல்கள் இப்போது எனக்கு மறந்துகொண்டு வருகின்றன, அக்கா. ஒரு தாலாட்டின் தலையோடு இன்னொன்றின் வால் சேர்ந்துகொள்கிறது. கொப்பிகளில் பாதியைக் கறையான் அரித்துவிட்டது. ஆனால் பஸ் நிறுத்தத்தில் உங்களிடம் சொன்ன அந்த இரண்டு சொற்கள் சொன்ன குரலிலேயே இருக்கின்றன. "கேட்டேன். சரின்னுச்சு." உண்மையைச் சொல்லியிருந்தால் நீங்கள் திட்டியிருப்பீர்கள். நன்றாகத் திட்டியிருப்பீர்கள். திட்டிவிட்டு, பஸ்ஸையும் விட்டுவிட்டு, அன்றைக்கே என் வீட்டில் சாப்பிட்டு, பாயை விரித்துப் படுத்திருப்பீர்கள். உங்களை எனக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் சொல்லவில்லை.

ரோஸ்மேரி